காளானை ஒடிக்காதீர்கள், தோண்டுங்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்து, பிறகு ஒரு நாள் புழுக்கமாக வெயில் அடித்தால் போதும். மறுநாள் விடியும் முன்பே எங்கள் அப்பத்தா களைக்கொத்தும் ஓலைக்கொட்டானுமாகக் கிளம்பிவிடுவார். எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையின் செம்மண் பொட்டல். எந்தப் புற்றடியில் எந்த வாரம் காளான் வெடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அவரிடம் கற்றதையும், பிறகு நானே வாந்தியெடுத்துக் கற்றதையும் சொல்கிறேன்.

காளானைக் கண்டதும் காம்பை ஒடிக்கத்தான் கை போகும். ஒடித்தால் அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். முதலில் கம்பால் புற்றைச் சுற்றித் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். பிறகு காம்பை ஒட்டி மண்ணைப் பறித்துக்கொண்டே போங்கள். புற்றுக்காளான் என்றால் காம்பு வெளியே விரல் நீளம்தான் தெரியும், உள்ளே வேர்போல மெலிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். முழங்கை ஆழம்வரை நான் தோண்டியிருக்கிறேன். அது போய் முடிகிற இடத்தில் பஞ்சு போன்ற ஓர் அடை இருக்கும். கறையான் தன் தீனிக்காகப் பூஞ்சை பயிரிடும் தோட்டம் அது. காளான் முளைப்பதே அதிலிருந்துதான். குடையின் நடுவில் மண்ணைத் துளைத்து வருவதற்கென்றே கருப்பழுப்பாக ஒரு கூர்முனையும் இருக்கும். அப்பத்தா அதை ‘மூக்கு’ என்பார். வேரும் மூக்கும் சேர்ந்து இல்லாத காளான் எங்கள் கொட்டானுக்குள் வந்ததில்லை.

தோண்டும்போது அடியில் கிழிந்த பை போல, கிண்ணம் போல ஓர் உறை தென்பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆளைக் கொல்லும் அமனிடா வகைகளின் அடையாளம் அது. வைக்கோல் காளானுக்கும் கிண்ணம் உண்டே என்பீர்கள். உண்டுதான். அதைப் பண்ணையில் வளர்த்தவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், காட்டில் தேடாதீர்கள்.

நான் ஏமாந்தது புல்வெளியில். இருபத்து மூன்று வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மழைக்குப் பின் ஒரு மைதானத்தில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில்கள், காம்பில் மோதிரம்போல் மேலும் கீழும் நகரும் வளையம். வேரும் இல்லை, மூக்கும் இல்லை. கொழுத்திருந்ததைப் பார்த்துப் பறித்தேன். தின்ற இரண்டு மணி நேரத்தில் தொடங்கிய வாந்தியும் பேதியும் விடியும்வரை நிற்கவில்லை.

முந்தின நாள் இரவே ஒரு குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். காலையில் தாளில் வித்துத்தூள் படிந்திருக்கும். என்னைச் சாய்த்த காளான் மங்கிய பச்சையாகப் படியும். அமனிடா வெள்ளையாகப் படியும். அது தெரிய, தாளில் பாதியைக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். புற்றுக்காளான் வெளிர் இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு வந்துவிட்டதே என்று அடுப்பை மூட்டிவிடாதீர்கள், விஷக் காளான்களிலும் அந்நிறத் தூள் உண்டு. எல்லா அடையாளமும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

அப்பத்தா குழம்பில் ஒரு பூண்டுப் பல்லைப் போட்டு, கறுக்கிறதா என்று பார்ப்பார். அவருடைய கண் சரி, பூண்டு தவறு. வெள்ளிக் காசு, மஞ்சள், புழு அரித்திருக்கிறதே என்ற சமாதானம், எதுவும் உதவாது. அமனிடாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று பதின்மூன்று பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து மக்கள். காலங்காலமாகக் காளான் பறித்துப் பழகியவர்கள்கூடத் தவறுகிற விஷயம் இது. கைப்பேசிப் படத்தை நம்பி யாரும் தின்ன வேண்டாம். முதல் சில மழைக்காலம் ஊரில் தெரிந்தவரோடு போய்ப் பாருங்கள்.

பறித்த அன்றே நன்றாக வேக வைத்துச் சமையுங்கள். சின்ன வெங்காயமும் மிளகும் போதும், கறிமசாலா போட்டால் மண்வாசம் போய்விடும். சமைக்காத ஒன்றைத் தாளில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மறுநாள்வரை வைத்திருங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கினால் அதுதான் பெரிய ஆபத்து. இரண்டாம் நாள் தெளிந்ததுபோல் இருக்கும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டது என்று வீட்டில் படுத்துவிடாமல் 108-ஐ அழையுங்கள். தாளில் சுற்றி வைத்த காளானையும் மறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.