கடலூர் முகத்துவாரத்தில் முதல் தூண்டில்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் எஃகு நகரம். ஊருக்குள் ஓடும் டான் ஆற்றில் ஆலைக் கழிவும் குறுக்கணைகளும் சேர்ந்து சால்மன் மீனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விரட்டி வைத்திருந்தன. தண்ணீர் தெளிந்து, அணைகளில் மீன் ஏறுவதற்குத் தனி வழியும் அமைத்த பிறகு அது திரும்ப வந்தது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறு ஏறும் மீன் அது.

நம் கொடுவா மீன் இதற்கு நேர் எதிர். முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறி வளரும். பெரிதானதும் கீழே இறங்கும். விலாங்கும் ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத்தான் போகிறது. ஆகவே கடலூரில் தூண்டில் போடக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது முகத்துவாரம் திறந்திருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான். ரீல் வாங்குவதெல்லாம் அப்புறம்.

முதலில் இடம்

கெடிலமும் உப்பனாறும் கடலூர் துறைமுகத்தை ஒட்டிக் கடலில் கலக்கின்றன. வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை கலக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது தேவனாம்பட்டினம் பக்கம், மணல் கரை. நிற்க இடம் இருக்கும், தூண்டில் முள் பாறையில் மாட்டாது, தவறி விழுந்தாலும் எழுந்துகொள்ளலாம்.

கரை பொது இடம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் தேவனாம்பட்டினமோ சிங்காரத்தோப்போ சோனங்குப்பமோ, அந்தக் கரையில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். படகு வந்து போகும் வாய்க்காலில் உங்கள் தூண்டில் நரம்பு குறுக்கே கிடந்தால் அவர்களுக்குத்தான் தொல்லை. "அண்ணே, இங்க தூண்டில் போட்டா உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும், "அங்க தள்ளி நின்னு போடு தம்பி, அங்கதான் ஆழம்" என்று நல்ல இடத்தையே காட்டுவார்கள். காயப்போட்ட வலையைத் தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். துறைமுகத்துக்குள் தடுப்பு போட்டிருந்தால் அதோடு நின்றுவிடுங்கள். பாலத்தின் மேல் நின்று போடுவது வேண்டவே வேண்டாம். பின்னால் பேருந்து போகும்போது கோலைச் சுழற்றுவது அபாயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் சிறு படகுக்காரர்கள் கரையோரத்தையே நம்பி இருப்பார்கள். அப்போது இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது மரியாதை.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றுப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். மாசுப் புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பிடித்ததைக் குழம்பு வைக்க எனக்கு மனம் வராது. நகரச் சாக்கடை கலக்கும் இடங்களுக்கும் இதே கதைதான்.

என்னென்ன வாங்க வேண்டும்

கோலும் ரீலும் இல்லாமலே தொடங்கலாம். ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் ஐம்பது மீட்டர் தங்கூஸ் (நைலான்) நரம்பைச் சுற்றினால் கைத்தூண்டில் தயார். மீன் தொடுவது விரலில் நேராகத் தெரிவதால், கற்றுக்கொள்ள இதுவே நல்லது என்பது என் கட்சி. கோல்தான் வேண்டும் என்றால் ஏழு அடிக் கோல், நடுத்தர ரீல், 0.30 முதல் 0.35 மி.மீ. நரம்பு போதும். கடைக்காரர் காட்டும் பளபளப்பான பொய் மீன்களை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

முள்ளின் எண் குழப்பும். 8, 10 என்று எண் கூடக்கூட முள் சிறிதாகும். ஆனால் 1/0, 2/0 என்று பக்கத்தில் சுழி வந்தால் எண் கூடக்கூட முள் பெரிதாகும். கிழங்கான் மீனுக்கு 8 அல்லது 10. கொடுவாவுக்கு 1/0 முதல் 3/0 வரை. கூடவே துளையுள்ள ஈயக்குண்டு, ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் இருக்க நடுவில் கட்டும் சுழலும் இணைப்பு), ஒரு கொறடு.

முடிச்சு

புதியவர்கள் மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் வீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள்.

நரம்பின் நுனியை முள்ளின் கண்ணில் நுழைத்து ஒரு சாண் நீளம் வெளியே இழுங்கள். அந்த நுனியைத் தாய் நரம்பின் மேல், அதாவது கைப்பக்கம் வரும் நீள நரம்பின் மேல், ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். சுற்று தொடங்கிய இடத்தில், கண்ணை ஒட்டி, ஒரு சின்ன வளையம் இருக்கும். நுனியை அதற்குள் விடுங்கள். இப்போது பக்கவாட்டில் இன்னொரு பெரிய வளையம் உண்டாகியிருக்கும். அதற்குள்ளும் நுனியை விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, தாய் நரம்பை மெதுவாக இழுத்து இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வில் சூடாகி, முடிச்சு இருக்கும் இடத்திலேயே பலம் போய்விடும். கடைசியில் முள்ளைக் கொறடால் பிடித்துக்கொண்டு பலமாக இழுத்துப் பாருங்கள். அறுந்தால் வீட்டிலேயே அறுந்துபோகட்டும்.

மாட்டும் வரிசை: தாய் நரம்பை ஈயக்குண்டின் துளை வழியே விட்டு, நுனியில் ஸ்விவலைக் கட்டுங்கள். ஸ்விவலின் மறுமுனையில் ஒன்றரை அடி நரம்பு, அதன் நுனியில் முள். மீன் இரையை இழுக்கும்போது நரம்பு ஈயத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கனம் தெரியாததால் அது சந்தேகப்பட்டு விட்டுவிடாது.

எப்போது போவது

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வத்தும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுத் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். ஏறும் தண்ணீரோடு சிறு மீனும் இறாலும் உள்ளே வரும், அவற்றைத் தின்னப் பெரிய மீன் வரும். ஏற்றம் முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்து, வத்தத் தொடங்கிக் கொஞ்ச நேரம் வரை இருங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது டீ குடிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடினால் கரைக்கே போகாதீர்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியும் தை, மாசிதான் நல்ல காலம்.

போடுவதும் இழுப்பதும்

இரைக்கு முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் கிடைக்கும் சின்ன இறால் போதும். ஓட்டை உரித்து, சுண்டுவிரல் நகம் அளவு துண்டாக்கி, முள் நுனி லேசாகத் தெரியும்படி குத்துங்கள். எறிவதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பைத் தொய்வில்லாமல் பிடித்துக் காத்திருங்கள்.

கிழங்கான் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டும். உடனே இழுக்காமல், இழுவை கனக்கும்போது மணிக்கட்டை மட்டும் உயர்த்துங்கள். கண்ணெதிரே மடவை துள்ளித் துள்ளி விழும், உங்கள் இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது பாசி தின்னும் மீன். தக்கை கட்டி, சின்ன முள்ளில் மைதா உருண்டை வைத்தால் ஒருவேளை வரும்.

கொடுவாவை நினைத்துக்கொண்டே முதல் நாள் போகாதீர்கள். அது பாறை, தூண், அலையாத்தி வேர் ஓரங்களில் பதுங்கி, உயிர் இறாலையும் சிறு மீனையும் அடிக்கும். நரம்பு வேரில் சிக்கினால் முள்ளும் போச்சு, மீனும் போச்சு.

கையில் வந்த பிறகு

கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரு பக்கத்திலும் விஷ முள் உண்டு. ஓரா மீனுக்கும் விஷ முள் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள், வலி குறையும்; அப்புறம் மருத்துவரைப் பாருங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும், விரலை உள்ளே விடாதீர்கள். ஆழமில்லாத இடத்தில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். செருப்பு கட்டாயம், ஆளிச் சிப்பியின் ஓடு காலைக் கிழித்துவிடும்.

சின்னக் கொடுவா மாட்டினால் கையை நனைத்துப் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, வயதானபின் பெண்ணாக மாறும் மீன். அதனால் மிகப் பெரியது கிடைத்தாலும், படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட முடிந்தால் நல்லது. நடுத்தர அளவே குழம்புக்கும் ருசி.

அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வையுங்கள். பறவைக் காலிலும் வலையிலும் சிக்கும். வீட்டுக்கு வந்ததும் ரீலையும் முள்ளையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காயவிடுங்கள். உப்போடு ஒரு ராத்திரி விட்டால் ரீல் சுற்றும்போது கரகரக்க ஆரம்பித்துவிடும்.