மாதவிடாய் நின்றபின் வைட்டமின் டி, யூரிக் அமிலம்: ரிப்போர்ட் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கிளினிக்கில், புதிதாக வந்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தி 58 வயது அம்மாவிடம், "வைட்டமின் டி 45 இருக்கும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

யூரிக் அமிலத்துக்குத் தண்ணீர் குடிப்பது, ஈரல் சாப்பிடுவதைக் குறைப்பது எல்லாம் ஊருக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிப்பது

இங்கே ரிப்போர்ட்டில் வைட்டமின் டி பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை நானோமோல் (nmol/L) என்ற கணக்கில் வரும். கைப்பேசியில் பார்க்கும் இந்திய வீடியோக்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் (ng/mL) என்று பேசும். அந்த நானோகிராம் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் இந்த நானோமோல் எண். அங்கே 20க்குக் கீழ் குறைபாடு என்றால் இங்கே 50க்குக் கீழ். அந்த அம்மாவின் 45, அங்கத்திய கணக்கில் வெறும் 18.

பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தில் பால் எடுத்து) ஓய்வுபெற்ற அக்கா ஒருவருக்கு 38 வந்தது. எங்கோ படித்த 30ஐ மனதில் வைத்துக்கொண்டு, "பயமில்லை அக்கா" என்று அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் முதுகுவலி, கால் அசதி. தைலத்துக்கும் உருவி விடுபவருக்கும் கொட்டிக் கொடுத்தார். கடைசியில் வேறொரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். அக்கா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் அன்றே ஆறியிருக்கும்.

யூரிக் அமிலத்தில் கூத்து வேறு மாதிரி. "சென்னையில நாத்தனாருக்கு 5தான், எனக்கு 300ஆ?" என்று அழுதுகொண்டே வந்தார் ஒருவர். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் (mg/dL), இங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் (µmol/L). அங்கே 1 என்றால் இங்கே சுமார் 59.5. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்! எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தை முதலில் படியுங்கள், தங்கச்சி.

"வெயில்லயே கிடந்தவங்களுக்குக் குறையாது"

மரம் வெட்டுவது விடியலில், நிழலில், முழுக்கைச் சட்டையும் முக்காடுமாக. தோலில் எங்கே வெயில் பட்டது? கருத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும்.

ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைக் குறைக்கப் பார்ப்பது

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் அமிலத்தை நன்றாக வெளியேற்றும். மாதவிடாய் நின்றபின் அது தேங்க ஆரம்பிக்கும். வைட்டமின் டி குறைந்தால், கழுத்துச் சுரப்பியில் வரும் பாராதைராய்டு ஹார்மோன் கூடும். அதுவும் வெளியேற்றத்தைத் தடுக்கும். அதனால் இரண்டும் சிலரிடம் சேர்ந்தே தெரியும். ஆனால் டி மாத்திரை கவுட்டுக்கு (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலிக்கு) மருந்தல்ல. கவுட் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கவுட் வலி உச்சத்தில் எடுத்த ஒரே டெஸ்ட்

அந்நேரம் யூரிக் அமிலம் சாதாரணமாகவே காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரையைக் கேட்காமல் விடுவது

தயசைடு வகை நீர் மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும். மருந்துப் பையைக் கொட்டச் சொல்லிப் பாருங்கள்.

50,000 யூனிட் வைட்டமின் டி கேப்ஸ்யூல்

டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் வாரம் ஒன்று. தினம் ஒன்று அல்ல.