மூலநிரலிலிருந்து லினக்ஸ் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறத்தாழ 80 பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) ஒவ்வொன்றாக மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி), முழு இயங்குதளத்தையும் நம் கையாலேயே கட்டி எழுப்பும் முறையைக் கற்றுத்தருவது 1999-இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ திட்டம். சென்ற மாதம் இரண்டு மாணவர்கள் அதில் இறங்கியபோது உடனிருந்து பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுந்தார்கள். எழுத்துப்பிழை, தவறான பதிப்பைத் தரவிறக்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே தெரிந்துவிடும்.

காலியான மாறியோடு ரூட்டாக வேலை செய்வது

புதிய இயங்குதளத்துக்கான வட்டுப் பகிர்வு (பார்ட்டிஷன்) எந்த முகவரியில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை ‘எல்எஃப்எஸ்’ என்ற மாறி (வேரியபிள்) வைத்திருக்கும். கட்டளைகளில் கோப்புறைப் பாதைகளுக்கு முன்னால் இந்த மாறிதான் நிற்கும். அது காலியாக இருந்தால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் எந்தப் புகாரும் சொல்லாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மீதிப் பாதையை அப்படியே எடுத்துக்கொள்ளும். அப்போது அந்தப் பாதை குறிப்பது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் கணினியின் சொந்தக் கோப்புறையை. சாதாரணப் பயனராக இருந்தால் ‘அனுமதி இல்லை’ என்று தடுக்கப்படுவீர்கள். முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிப் பயனரான ரூட்டைத் தடுப்பார் யாரும் இல்லை.

எனக்கு இது நடந்தது டெபியன் 11-இல். இரவு கணினியை அணைத்துவிட்டு, காலையில் பகிர்வை இணைப்பதற்காக ரூட்டாக மாறியவன், அதே சன்னலில் வேலையைத் தொடர்ந்துவிட்டேன். ரூட்டின் ஷெல்லில் அந்த மாறி காலியாக இருந்தது. அடுத்த பொதி, பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் சி மொழி நூலகமான ஜிலிப்சி. அதைக் கம்பைல் செய்வதற்கு முன் ‘லிப்64’ கோப்புறையில் இரண்டு சிம்லிங்க்குகளை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்புகளை) உருவாக்க வேண்டும். முதல் கட்டளை நிறைவேறி, தான் செய்ததை ஒரு வரியாகத் திரையில் காட்டியது. அந்த வரியில் பகிர்வின் முகவரி இல்லாததை நான் கவனிக்கவில்லை. இணைப்புகளை உருவாக்கும் அதே ‘எல்என்’ நிரலை இரண்டாம் முறை அழைத்தபோது, ‘அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று பதில் வந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கொடுத்தேன்; அதற்கும் அதே பதில்.

நிரல்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் டைனமிக் முறையில் (இயங்கும்போது நூலகங்களோடு) இணைக்கப்பட்ட ஒவ்வொரு நிரலுக்குள்ளும் அதை நினைவகத்தில் ஏற்றும் லோடரின் பாதை எழுதப்பட்டிருக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்த லோடரைத்தான் முதலில் தேடும். முதல் கட்டளையால் நான் மாற்றி எழுதியது லோடரைச் சுட்டும் இணைப்பை; அது இப்போது ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டியது. இல்லாமல் போனது லோடர். ஷெல்லோ நான் அழைத்த நிரலின் பெயரைப் போட்டு ‘இல்லை’ என்றது. காணாமல் போகாத ‘எல்எஸ்’ஸை அரை மணி நேரம் தேடினேன். ‘சிடி’யும் ‘எக்கோ’வும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை என்பதால் அவை மட்டும் இயங்கின. கடைசியில் கணினியை மறுதொடக்கம் செய்தேன், அது எழவில்லை. யூஎஸ்பி லினக்ஸ் ஒன்றைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அந்த மறுதொடக்கம்தான். டெபியனின் உண்மையான லோடர் வேறொரு கோப்புறையில் சேதமில்லாமல் இருந்தது. லோடரையே நேரடியாக முழுப் பாதையோடு அழைத்து, அதற்கு ‘எல்என்’ நிரலின் பாதையைக் கொடுத்திருந்தால், பழைய இணைப்பை ஒரே வரியில் மீட்டிருக்கலாம். ஆகவே இது உங்களுக்கு நேர்ந்தால், திறந்திருக்கும் ரூட் சன்னலை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். புதிய சன்னல் திறக்காது.

ரூட்டாக எதையும் கம்பைல் செய்யாதே என்பது வழக்கமான அறிவுரை. அது சரியானது, ஆனால் போதாது. அந்த மாணவர்களில் ஒருவர் செய்தது கம்பைல் அல்ல. கோப்புறைகளின் உரிமையாளரை மாற்றும் கட்டளை. அதை ரூட்டாகத்தான் கொடுத்தாக வேண்டும். மாறி காலியாக இருந்ததால் அவருடைய கணினியின் ‘யூஎஸ்ஆர்’, ‘ஈடிசி’ கோப்புறைகளே வேறொரு பயனருக்குச் சொந்தமாகிவிட்டன. எனவே ரூட்டின் ஷெல் அமைப்புக் கோப்பிலும் அந்த மாறியை எழுதிவைத்துவிடுங்கள். கட்டளைகளில் மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் இட்டு, பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், அது காலியாக இருக்கும்போது ஷெல் அந்தக் கட்டளையை ஓட்டாமல் நிறுத்திவிடும்.

‘டீ’யின் வெற்றியைக் கம்பைலின் வெற்றி என்று நம்புவது

கம்பைல் செய்யும்போது வரும் செய்திகளை ‘டீ’ (வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் கட்டளை) வழியாகக் கோப்பில் சேமிப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாய் (பைப்) வழியாக இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவையே ஷெல் எடுத்துக்கொள்ளும். கம்பைலை நடத்தும் ‘மேக்’ பாதியில் தோற்றாலும் ‘டீ’ வெற்றியோடு முடியும். பின்னால் இரட்டை ஆம்பர்சாண்ட் போட்டுச் சேர்த்த நிறுவல் கட்டளையும் ஓடிவிடும். அரைகுறையாகக் கட்டப்பட்ட பொதி இப்படி உள்ளே போய், அதற்கு மிகவும் பிந்திய வேறொரு பொதியில் பிழையாக வெளிப்படுவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய கோப்புறையிலேயே மறுபடியும் கட்டுவது

ஒரு பொதியை மறுபடி கட்டும் முன் அதன் பழைய மூலநிரல் கோப்புறையை அழித்துவிட்டு, மூலநிரல் அடங்கிய டார் கோப்பை மீண்டும் விரியுங்கள்.

முக்கியச் சோதனைகளைத் தாண்டிப்போவது

இறுதிக் கட்டத்தில் ஜிலிப்சி, பைனுட்டில்ஸ் (லிங்கர் முதலான கருவிகள்), ஜிசிசி (கம்பைலர்) மூன்றின் சோதனைகளையும் எவ்வளவு நேரமானாலும் ஓட்ட வேண்டும். மற்றவை உங்கள் விருப்பம்.

வட்டின் டிரைவரை மாட்யூலாக விடுவது

இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமை) இல்லாமல் எழும் கணினியில், மாட்யூல்கள் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் தனித் துண்டுகள்) இருக்கும் வட்டைத் திறப்பதற்கான டிரைவரே மாட்யூலாக இருந்தால் கர்னலால் அதை எட்ட முடியாது. என்விஎம்ஈ வட்டின் டிரைவர், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இரண்டையும் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள். ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்பு முறைமையை) இணைக்க முடியவில்லை என்று கர்னல் நின்றுவிட்டால், அந்த வரியின் முடிவில் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டும் 0 என்றால், நீங்கள் குறிப்பிட்ட வட்டையே கர்னல் காணவில்லை. டிரைவரையும், பூட் வரியில் கொடுத்த வட்டின் பெயரையும் சரிபாருங்கள். வேறு எண்கள் இருந்தால் வட்டைக் கண்டுவிட்டது. அப்போது கோப்பு முறைமையின் பக்கம் தேடுங்கள்.