தடத்தை வச்சு கருங்கரடி சைஸ் சொல்றது எப்படி, அதுவும் கரடி விடாம

வேட்டைக்கு முன்னாடி கரடி எங்க சுத்துதுன்னு காட்டை நோட்டம் பார்க்குற ஸ்கவுட்டிங் போயி கரடித் தடம் பார்த்துட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஊருக்குள்ள வந்ததும் கரடி விட ஆரம்பிச்சிடுவாங்க. "இவ்ளோ பெருசுடா"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாங்க. பொய் சொல்லணும்னு சொல்றதில்ல, எதை அளக்கணுமோ அதை விட்டுட்டு வேற எதையோ அளந்துட்டு வர்றதுதான் காரணம். கருங்கரடி, அதாவது வட அமெரிக்கால இருக்குற பிளாக் பேர், அதோட சைஸ் தெரியணும்னா தடத்துல ஒரே ஒரு அளவுதான் நம்பிக்கையானது: முன்னங்கால் பேடோட, அதாவது விரலுக்குக் கீழ இருக்குற மெத்தை மாதிரியான உள்ளங்கால் பகுதியோட அகலம். விரல், நகம், பின்னங்கால் நீளம் இதெல்லாம் பார்க்க நல்லா இருக்கும், சைஸ் சொல்றதுக்கு அவ்வளவா உதவாது.

முதல்ல முன்னங்கால் எது பின்னங்கால் எதுன்னு கண்டுபிடிங்க, நிறைய பேர் சறுக்குறதே இங்கதான். பின்னங்கால் தடம் செருப்பில்லாம நடந்த மனுஷன் காலடி மாதிரியே இருக்கும், குதிகால் எல்லாம் வச்சு நீளமா. முன்னங்கால் தடம் குட்டையா அகலமா இருக்கும், அஞ்சு விரல், அதுக்குக் கீழ குறுக்கால ஒரு பேட், அவ்ளோதான். சில நேரம் அந்தப் பேடுக்குப் பின்னாடி தனியா சின்னதா வட்டமா ஒரு குழி விழும், அது முன்னங்கால்ல இருக்குற இன்னொரு சின்ன பேட், அதை அளவுல சேர்க்கக் கூடாது. இன்னொரு வேடிக்கை, நம்ம கால்ல கட்டைவிரல் உள்பக்கம் இருக்கும்ல, கரடிக்கு அப்படியே தலைகீழ், பெரிய விரல் வெளிப்பக்கம், சின்ன விரல் உள்பக்கம். அந்தச் சின்ன விரல் கெட்டி மண்ணுல பல நேரம் பதியவே பதியாது, நாலு விரல்தான் தெரியும், உடனே இது வேற ஏதோ மிருகம்னு நினைச்சிட்டு போயிடாதீங்க.

பின்னங்கால ஏன் ஒதுக்கச் சொல்றேன்னா குதிகால் ஒரு இடத்துல முழுசா பதியும், பத்தடி தள்ளி பாதிதான் பதியும், அதே கரடி அதே தடம் ஆனா நீளம் ரெண்டு இன்ச் மாறிடும். கேக்குறவங்க மிரள்றதும் இந்த நீளத்தைக் கேட்டுத்தான்.

இப்ப அளக்குறது. டேப்பை பேடோட ரொம்ப அகலமான இடத்துல குறுக்கால வைங்க, இடது ஓரத்துல இருந்து வலது ஓரம் வரைக்கும். முக்கியமான விஷயம், தடத்தோட மேல் விளிம்பை அளக்காதீங்க, குழிக்குள்ள அடியில தட்டையா இருக்குற பகுதியை மட்டும் அளங்க. கால் மண்ணுக்குள்ள இறங்கும்போது சுத்தி இருக்குற சேறு விலகி சரிவா நிக்கும், மேல அளந்தா அந்தச் சரிவும் சேர்ந்து அரை இன்ச், முக்கால் இன்ச் சும்மா கூடிடும். நான் முதல் வருஷம் வசந்தகாலப் பனியில ஒரு தடத்தைப் பார்த்துட்டு ஏழு அடிக் கரடின்னு நண்பன்கிட்ட அடிச்சு சொன்னேன், ரெண்டு நாள் வெயில்ல உருகி தடமே விரிஞ்சு போயிருந்ததுன்னு எனக்கு அப்ப தெரியாது, கடைசியில காட்டுல மரத்துல கட்டி வைக்குற தானியங்கி கேமரால வந்தது ஒரு நடுத்தரக் கரடி, இன்னைக்கு வரைக்கும் அவன் அதை விடல. அதனால பனித் தடத்தை நம்பாதீங்க, புதுசா விழுந்த மெல்லிசான பனின்னா பரவாயில்ல. நல்ல இடம்னா ஈரமணல், ஓடை ஓரம், பீவர் கட்டின குளத்தோட விளிம்பு, மரம் வெட்டப் போற மண்ரோட்டுல மழைத் தண்ணி வத்தின குட்டை. கொழகொழன்னு இருக்குற சேத்துல கால் வழுக்கி விரியும், அதுவும் வேணாம்.

அப்புறம் கரடி நடக்கும்போது பின்னங்கால் பல நேரம் முன்னங்கால் தடத்து மேலயே விழும், இல்லன்னா கொஞ்சம் தாண்டி முன்னாடி விழும். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த தடம் ஒரே பெரிய கால் மாதிரி தெரியும். தனியா சுத்தமா விழுந்த முன்னங்கால் கிடைக்குற வரைக்கும் அந்த வழியிலேயே நடங்க, குறைஞ்சது மூணு நாலு தடம் அளந்து அதுல சின்ன அளவை எடுத்துக்கங்க. ஆமா, சின்ன அளவைத்தான். தடம் பெருசாகுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, சின்னதாகுறதுக்கு ரொம்பக் கம்மி.

அளவு கிடைச்சாச்சா, இனி கணக்கு சுலபம், வேட்டைக்காரங்க ரொம்ப காலமா சொல்ற சூத்திரம்தான்: பேட் அகலம் எத்தனை இன்ச்சோ அதோட ஒண்ணு கூட்டுங்க, வர்ற நம்பர்தான் கரடியோட அடிக்கணக்கு. 4 இன்ச்னா 5 அடிக் கரடி, 4.5 இன்ச்னா 5.5 அடி, 5 இன்ச்னா 6 அடி. இந்த அடிங்கறது கரடி நிமிர்ந்து நிக்குற உயரம் இல்ல, நிறைய பேர் அப்படித்தான் நினைக்குறாங்க. தோலை இழுக்காம தட்டையா விரிச்சு மூக்கு நுனியில இருந்து வால் வரைக்கும் ஒரு அளவு, முன்னங்கால் ரெண்டையும் விரிச்சு நகத்துக்கு நகம் ஒரு அளவு, ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா வர்றது, இதைத்தான் ஸ்கொயர்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா 4 இன்ச்சுக்குக் கீழ இருந்தா சின்னது, விட்டுடுங்க, 4.5 சாதாரணம், 5 தொட்டா நின்னு பார்க்க வேண்டிய கரடி, 5.5க்கு மேல போச்சுன்னா மறுபடியும் ஒருதடவை அளங்க, ஏன்னா முக்காவாசி அது தப்பா அளந்ததாத்தான் இருக்கும், உண்மையிலேயே அப்படித்தான்னா அந்தக் காட்டை விட்டு நகராதீங்க. சூத்திரமும் கல்வெட்டு இல்ல, அரை அடி முன்னப்பின்ன இருக்கும்.

எடை மட்டும் தடத்துல இருந்து சொல்லாதீங்க. குளிர்கால உறக்கத்துல கரடி உடம்பு எடையில 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் இழக்கும், இலையுதிர் காலத்துல மூச்சு விடாம தின்னு திரும்ப ஏத்திக்கும், கால் எலும்பு என்னமோ அதே கால்தான். மே மாசம் பார்த்த 5 இன்ச்சும் அக்டோபர்ல பார்த்த 5 இன்ச்சும் ஒரே கரடியா இருக்கலாம், ஆனா தராசுல ரெண்டும் வேற. ரெக்கார்ட் புத்தகக் கனவும் அப்படித்தான், வேட்டை ரெக்கார்டுகளைப் பதிவு பண்ற அமெரிக்காவோட பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் மண்டையோட்டோட நீளத்தையும் அகலத்தையும் கூட்டித்தான் மார்க் போடுது, நிரந்தரப் பட்டியலுக்கு 21 இன்ச் வேணும், காலுக்கு அங்க மார்க்கே கிடையாது.

ஆணா பொட்டையாங்கறதுக்கு அளவு ஓரளவு உதவும். பொட்டைக் கரடிக்கு பேட் 4.5 இன்ச்சைத் தாண்டுறது அபூர்வம், அதனால சுத்தமா அளந்த 5 இன்ச் பெரும்பாலும் ஆண்தான். ஆனா 4 இன்ச் தடத்துல எதுவும் அடிச்சு சொல்ல முடியாது, வயசான பொட்டையாவும் இருக்கலாம், வளர்ற ஆணாவும் இருக்கலாம். பெரிய தடத்தோட பக்கத்துல குட்டி குட்டியா தடம் இருக்கான்னு கட்டாயம் சுத்திப் பாருங்க. குட்டியோட இருக்குற தாயைச் சுடுறது நிறைய மாநிலத்துல சட்டப்படி தப்பு, சட்டத்தை விடுங்க, குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல நீங்க போய் நிக்குறது உங்களுக்கே நல்லதில்ல.

மொண்டானா, வயோமிங், ஐடஹோ, பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா பக்கம் போறீங்கன்னா அளக்குறதுக்கு முன்னாடியே இது கிரிஸ்லியா, அதாவது பழுப்புக் கரடி இனத்தைச் சேர்ந்த வேற கரடியா, இல்லையான்னு பாருங்க. நிறத்தை நம்பாதீங்க, பேர்தான் கருங்கரடி, மேற்குப் பக்கம் பழுப்பு, செம்பட்டைன்னு எல்லா நிறத்துலயும் இருக்கும். முன்னங்கால் தடத்துல வெளிப்பக்கப் பெரிய விரலோட அடியில ஒரு நேரான குச்சியை ஒட்டி வச்சு, பேடோட மேல் விளிம்பைத் தொடுற மாதிரி குறுக்கால படுக்கப் போடுங்க. உள்பக்கச் சின்ன விரல்ல பாதிக்கு மேல குச்சிக்கு மேல இருந்தா கிரிஸ்லி, பாதிக்கு மேல கீழ இருந்தா கருங்கரடி. கருங்கரடி விரல்கள் வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கும், கிரிஸ்லிக்கு ஒட்டி ஒட்டி கிட்டத்தட்ட நேரா நிக்கும், நகக்குறியும் விரலை விட்டு ரொம்பத் தள்ளி விழும். அலாஸ்காவை விட்டுட்டா அமெரிக்காவோட மத்த மாநிலங்கள்ல கிரிஸ்லி 1975ல இருந்து பாதுகாக்கப்பட்ட இனம், தப்பா சுட்டா பெரிய வம்பு.

தடத்தோட சேர்ந்து மத்ததையும் பாருங்க. ஒரே குழியில திரும்பத் திரும்ப கால் வச்சு, காலைத் திருகி அழுத்தி நடந்த மாதிரி வரிசையா தேஞ்ச தடம் பாசியிலயோ புல்லுலயோ இருந்து, அது ஒரு மரத்துக்குப் போய் சேருதுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த மரத்துல முடி ஒட்டியிருக்கும், பட்டையில கடிச்ச குறி இருக்கும், பெரிய ஆண் கரடி முதுகைத் தேய்ச்சு தன் இடம்னு சொல்ற வேலை அது, ஜூன் வாக்குல இணை சேர்ற காலத்துல இன்னும் ஜாஸ்தியா இருக்கும். சாணம் ரெண்டு இன்ச் தடிமன்ல கிடந்தாலும் பெரிய ஆளுன்னு ஒரு சந்தேகம் வைக்கலாம், சந்தேகம் மட்டும்தான், பெர்ரி தின்ன நாள்ல அது கூழாக் கிடக்கும்.

நல்ல தடமே கிடைக்கலைன்னா நீங்களே உண்டாக்குங்க. கரடி போற வழியில ஒரு மூணடி நீளத்துக்கு இலை தழை எல்லாம் வாரிட்டு மண்ணைக் கிளறி சமமாத் தட்டி விட்டுட்டு வாங்க, மழை பெய்ஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. போட்டோ எடுக்கும்போது நேர் மேல இருந்து எடுங்க, சாய்ச்சு எடுத்தா அளவு கெட்டுப்போகும், பக்கத்துல டேப் வைங்க, டேப் மறந்துட்டா ஒரு டாலர் நோட்டு போதும், நீளம் 6.14 இன்ச், அகலம் 2.61 இன்ச். தேதியும் இடமும் எழுதி வைங்க. பத்து நாள் கழிச்சு அதே மண்ணுல அதே அளவு திரும்ப விழுந்துச்சுன்னா அது வழிப்போக்கன் இல்ல, அந்தப் பக்கத்தையே சுத்துற கரடி, கேமராவைக் கொண்டு போய் அங்க கட்டுங்க.