உயிரியல் அறநெறிக்கு ஒரு மாணவர் வட்டம்: தொடங்குவதும் நடத்துவதும்

மருத்துவத்திலும் உயிரியல் ஆய்விலும் எது சரி, எது தவறு என்று ஆராய்வது உயிரியல் அறநெறி. அந்தப் பெயரைக் கேட்டதும் அது மருத்துவ மாணவர்களின் பாடம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. சட்டம், தத்துவம், புள்ளியியல், கணினி, இலக்கியம் என எதைப் படிப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆனால் தனியாக உட்கார்ந்து படித்தால் இது வசப்படாது. நாம் சொல்வதை மறுத்துப் பேச எதிரில் ஆள் வேண்டும். அதனால் மாதம் இருமுறை கூடி, ஒரு கேஸை, அதாவது சிக்கலான முடிவு எடுக்க வேண்டியிருந்த ஒரு நிகழ்வை, எடுத்து அலசும் சிறு வட்டத்தில் தொடங்குவது நல்லது.

8 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். ஒரே துறையிலிருந்து நான்கு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

கேஸ் தாள் ஒரே பக்கம், சுமார் 300 சொற்கள். முடிவு எடுக்கப்படும் கட்டத்துக்குச் சற்று முன்பே அது நின்றுவிட வேண்டும். நடந்த முடிவைத் தாளிலேயே சொல்லிவிட்டால், எல்லோரும் அதற்கு நியாயம் தேடத் தொடங்கிவிடுவார்கள். பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் பார்த்த நோயாளியின் கதையைக் கொண்டுவர வேண்டாம். பெயரை நீக்கினாலும் வயது, அரிய நோய், சேர்ந்த மாதம் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் சில கூட்டங்களுக்குப் பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளே பாதுகாப்பானவை.

முதல் கூட்டத்துக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) கேஸைப் பரிந்துரைக்கிறோம். 1960-இல் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் உருவாக்கிய குழாய் இணைப்பால், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வது சாத்தியமாயிற்று. 1962-இல் அங்கே தொடங்கிய டயாலிசிஸ் மையத்திலோ இயந்திரங்கள் மிகக் குறைவு, காத்திருந்தவர்கள் அதிகம். மருத்துவ ரீதியாகத் தகுதியானவர்களை முதலில் மருத்துவர்கள் வடிகட்டினார்கள். மிஞ்சியவர்களில் யாருக்கு இடம் என்பதைப் பெயர் வெளியிடாத ஏழு பேர் கொண்ட குழு தீர்மானித்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். வயது, திருமணம், நம்பியிருக்கும் குடும்பத்தினர், வருமானம், கல்வி, தொழில் எல்லாம் கணக்கில் வந்தன. தாளை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மூன்று கற்பனை விண்ணப்பதாரர்களையும் ஒரே ஒரு இயந்திரத்தையும் கொடுங்கள்.

கூட்டத்துக்கு 90 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் அமைதியாக வாசிப்பு. அடுத்த 20 நிமிடம் தகவல் மட்டும்: என்ன தெரியும், என்ன தெரியாது, சிகிச்சை பலிக்க எவ்வளவு வாய்ப்பு. ‘சரி’, ‘தவறு’ என்ற சொற்களுக்கு இந்த நேரத்தில் தடை. இதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். அறநெறிச் சண்டை போலத் தோன்றுவதில் கணிசமானவை உண்மையில் தகவல் குழப்பங்கள். இந்த 20 நிமிடத்திலேயே அவை கரைந்துவிடும். பிறகு 15 நிமிடம், முடிவால் பாதிக்கப்படுவோர் பட்டியல். அறையில் குரல் இல்லாதவர்களும் அதில் வர வேண்டும்: குழந்தை, வீட்டில் கவனித்துக்கொள்பவர், வரிசையில் அடுத்து நிற்பவர். வாதத்துக்கு 35 நிமிடம். கடைசி 15 நிமிடத்தில் முடிவையும் காரணத்தையும் பத்து வரிக்குள் எழுதி, மாற்றுக்கருத்து இருந்தால் அதையும் சேருங்கள்.

வாதம் தடம் புரளும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. மருத்துவ மாணவர் ‘நடைமுறையில் இப்படித்தான்’ என்று சொன்னதும் மற்றவர்கள் வாயடைத்துப்போவது முதலாவது. அவரைத் தகவல் நேரத்தில் முதலிலும் வாத நேரத்தில் கடைசியிலும் பேசவிட்டால் இது சரியாகும். ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுவது இரண்டாவது. சட்டமே இப்படி இருக்கலாமா என்று கூட்டத்தை நடத்துபவர் கேட்க வேண்டும். மூன்றாவது, ‘அது அவரவர் பார்வை’ என்ற வாக்கியம். கேட்கப் பணிவாக இருந்தாலும், யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடும். அப்படிச் சொன்னவரிடம், ‘உங்கள் பார்வை எந்தத் தகவல் கிடைத்தால் மாறும்?’ என்று கேளுங்கள்.

முதல் கூட்டத்தில் முடிவை எழுதி முடித்த பிறகு, 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்க வழிசெய்ததைச் சொல்லுங்கள். ‘யாரைத் தேர்ந்தெடுப்பது’ என்று மோதிக்கொண்டிருந்தவர்கள், ‘இயந்திரம் ஏன் குறைவாக இருந்தது’ என்று கேட்கத் தொடங்குவார்கள். இந்தக் கேள்விதான் மாணவர்களைத் தத்தம் துறைக்குள் ஆழமாக இழுத்துப் போகிறது.

நான்கைந்து கூட்டத்துக்குப் பின் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளலாம். கணினி மாணவருக்கு, 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் புற்றுநோயாளியிடமிருந்து அனுமதியின்றி எடுத்த செல்கள் நல்ல நுழைவாயில். ஒருவரிடமிருந்து கிடைத்ததை அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தலாமா என்ற அதே கேள்வியை, மருத்துவத் தரவைக் கொண்டு பயிற்றுவிக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்கலாம். புள்ளியியல் மாணவர், ஒரு மருந்து முந்துவது பாதியிலேயே தெரிந்தால் சோதனையை எப்போது நிறுத்துவது என்று ஆராயலாம். வரலாற்று மாணவருக்கு 1932 முதல் 1972 வரை நீண்ட டஸ்கீகி ஆய்வு இருக்கிறது; சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் கவனித்த அமெரிக்க அரசின் ஆய்வு அது. பென்சிலின் வழக்கமான சிகிச்சையான பிறகும் சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு அது ஏன் தரப்படவில்லை என்பதை ஆண்டுவாரியாகத் தொடர்ந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் யார் மௌனமாக இருந்தார்கள் என்பது தெரியவரும்.

கேள்வி ‘உயிரியல் தொழில்நுட்பம் சரியா’ என்று அகலமாக இருக்கக் கூடாது. யார், யாருக்கு, எந்தச் சூழலில் என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நண்பர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி அதைக் கட்டுரையாக்க நினைத்தால், முதல் கேள்வித்தாளை அனுப்புவதற்கு முன்பே பல்கலைக்கழக அறநெறிக் குழுவை அணுகுங்கள். அனுமதி தேவையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தரவைச் சேகரித்த பிறகு முன்தேதியிட்டு ஒப்புதல் தரும் வழக்கம் இல்லை; அந்த உழைப்பு அப்படியே வீணாகும். விண்ணப்பத்தோடு கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், தரவை எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற குறிப்பு மூன்றும் இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியை மாற்றி எழுதிய பிறகே விண்ணப்பியுங்கள்.