லைட் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல்

போன கிழமை திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் ஒரு பொடியனின் பட்டறைக்குப் போனேன். கிரைண்டரைப் போட்டால் லைட் மங்குகிறதாம். கடன்பட்டு, வோல்ற்றேஜைச் சீராக்கும் ஒரு பெரிய ஸ்ரெபிலைசர் பெட்டி வாங்கி வைத்திருந்தான். அதைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒருகாலத்தில் நானும் இதே பெட்டியைத்தான் வாங்கினேன், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைப் பார்க்கவில்லை. இதில் நாம் விடும் பிழைகள் மூன்று.

மெஷின் ஓடாதபோது அளப்பது

சும்மா இருக்கும் பிளக்கில் யார் அளந்தாலும் 230 காட்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அளக்க வேண்டும். வழக்கமான கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுப்பது அப்போதுதான். நமக்கு வர வேண்டியது 216 முதல் 244 வோல்ற் வரை. அந்த நொடியில் மெயின் சுவிட்சில் 225 நின்று, பிளக்கில் 195 என்றால் குறை உங்கள் வயரில்தான். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 30 மீற்றர் ஓடினால், 60 அம்பியர் இழுக்கும்போது 30 வோல்ற் அளவில் வழியிலேயே போய்விடும்.

நியூட்ரலை மறப்பது

என் பட்டறை உப்புவெளியில், கடலுக்குப் பக்கம். மூன்று பேஸ் இணைப்பு, அதாவது கரண்ட் வரும் வயர் மூன்று; பட்டறையும் வீடும் வேறு வேறு பேஸில். வெல்டிங் பிளான்ற்றைப் போட்டால் பட்டறை லைட் மங்கும், வீட்டுக்குள் லைட் பளிச்சென்று எரியும். மங்கலுக்கு ஸ்ரெபிலைசர் வாங்கினேனே தவிர, அந்தப் பளிச்சைக் கவனிக்கவில்லை. நியூட்ரல் தளர்ந்தால் பாரம் கூடிய பேஸில் வோல்ற்றேஜ் விழும், பாரம் குறைந்ததில் ஏறும். முழுதாக விட்டுப்போனால் 400ஐ நெருங்கவும் கூடும். வாடைக் காற்று தொடங்கிய ஒரு மழை இரவில் அதுதான் நடந்தது. பிரிட்ஜ், டிவி, மனைவியின் தையல் மெஷின் மோட்டார், எல்லாம் ஒரே இரவில் போயின. ஸ்ரெபிலைசர் மட்டும் பட்டறையில் பத்திரமாக இருந்தது!

காலையில் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பாரில் பச்சைக் களிம்பு, திருகாணி விரலுக்கே சுழன்றது. உப்புக்காற்று செய்த வேலை. இப்போது வருசத்துக்கு இரண்டு தரம் மெயினை நிறுத்தி, கரண்ட் இல்லையென்று ரெஸ்ரரால் பார்த்துவிட்டு, எல்லாத் திருகாணியையும் முறுக்குகிறேன். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசித்தால் உடனே மெயினை இறக்குங்கள். மீற்றர்ப் பக்கத்து சீலைத் தொடாதீர்கள். அது கரண்ட் தரும் நிறுவனத்து ஆட்களின் வேலை.

எர்த்தை நியூட்ரலாகப் பாவிப்பது

வேண்டாம். எர்த் வயர் மெஷின் உடம்போடு இணைந்திருப்பதால், அந்த உடம்பிலேயே கரண்ட் நிற்கும்.

பொடியனின் மெயின் சுவிட்ச் பெட்டியிலும் ஒரு நியூட்ரல் திருகாணி அரைச் சுற்று தளர்ந்திருந்தது. முறுக்கியதும் மங்கல் போய்விட்டது. ஸ்ரெபிலைசரைக் கடையில் திருப்பி எடுக்கிறார்கள் இல்லையாம்.