ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகும் முன்

"மாமா, எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" அக்கா மகன் போன மாதம் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான். ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதுதான் எக்ஸ். கடையிலும் பேச்சு அங்கேதான் தொடங்கும். நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறாய்? துப்பாக்கி ஸ்பிரிங்கா, அழுத்திய காற்றை முன்பே நிரப்பிவைத்த பி.சி.பி.யா? இந்த இரண்டும் தெரியாமல் எக்ஸ் கணக்குப் போட்டால் காசுதான் வீண்.

நான் சொல்லப்போவது முழுக்க 0.177 அங்குலக் குழல் அளவுள்ள ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் காகிதக் குறியைச் சுடுகிறவர்களுக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். மயில், முயல், கொக்கு என்று எதன் மேலும் குறி வைக்காதீர்கள். இன்னொன்று, பிள்ளைக்கு ஒலிம்பிக் ஆசை இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. கடலூரில் பிறந்த துப்பாக்கிச்சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் அரை மில்லிமீட்டர் நடுப்புள்ளியை அடிப்பது பீப் சைட் என்ற சிறு துளை வழியாகத்தான். அந்த வழியில் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அதில் பழகட்டும்.

தோட்டத்தில் மண்மேட்டை முதுகாக வைத்து 10, 25 மீட்டரில் சுடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உதை. தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் போய்க் காற்றில் முட்டி நிற்கும்போது வெடுக்கென்று முன்னால் இழுக்கிறது. அந்த முன்னிழுப்பைத் தாங்கும்படி எல்லா ஸ்கோப்பிலும் கண்ணாடிகளைப் பொருத்தியிருக்க மாட்டார்கள். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப், கனமாக இருக்கிறது, இதற்குத் தாராளம் என்று நம்பி நான் வாங்கிய முதல் ஸ்கோப் மூன்றாவது டப்பா பெல்லட், அதாவது ஈயக்குண்டு, தீர்வதற்குள் போய்விட்டது. ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம், குறுக்குக்கோடு சாய்ந்து நின்றது. 'ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று தயாரித்தவர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். பி.சி.பி. வைத்திருப்பவர்களுக்கு உதை மிகக் குறைவு, இந்தக் கவலை இல்லை.

அடுத்தது பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் குறியின் மேல் நகர்வதுபோலத் தெரிவது. என்னைக் கேட்டால் எக்ஸைவிட நூறு மடங்கு முக்கியம் இதுதான். வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றை 100 கெஜத்துக்கு, அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதை 10 மீட்டரில் வைத்துப் பார்த்தால் குறி மங்கலாகத் தெரியும். மங்கல் பரவாயில்லை, கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கோடும் குறியின் மேல் நகர்ந்துவிடுவதுதான் ஆபத்து. கையும் பெல்லட்டும் சரியாக இருந்தும் துளைகள் சிதறும், காரணம் புரியாது.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு துண்டைச் சுருட்டி மேஜையில் வைத்து அதன்மேல் ஸ்கோப்பைப் படுக்க வையுங்கள். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் காலண்டரில் ஒரு தேதியைக் குறுக்குக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். முன்பக்க வளையத்தையோ பக்கவாட்டுக் குமிழையோ அந்தத் தூரத்துக்குத் திருப்புங்கள். இனி ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கோடு அந்த எண்ணின் மேலேயே ஒட்டி நின்றால் நல்ல ஸ்கோப். பக்கத்துத் தேதிக்குத் தாவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்ப வளையமோ குமிழோ இல்லாத ஸ்கோப்பைக் கையிலேயே எடுக்க வேண்டாம். 10 கெஜம்வரை இறங்கி வருவதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது எக்ஸுக்கு வரலாம். 3-9x40 என்றால் 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். 25 மீட்டருக்கு 9 தாராளம். அதற்கு மேல் போனால் உங்கள் மூச்சும் நாடித்துடிப்பும் சேர்ந்து குறியை ஆட்டுவதுதான் பெரிதாகத் தெரியும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 4 மடங்கில் அதுவே 10 ஆகிவிடும். சாயங்கால வெளிச்சத்தில் எக்ஸைக் குறைத்தால் படம் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

குண்டு விழும் இடத்தை நகர்த்தும் குமிழில் ஒரு கிளிக் என்பது பெரும்பாலும் 100 கெஜத்தில் கால் அங்குலம். 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. அக்கா மகன் நாலு கிளிக் திருப்பிவிட்டு, "மாமா, இது வேலையே செய்யலை" என்றான். ஒரு சென்டிமீட்டர் நகர 14 கிளிக் வேண்டும் தம்பி, எண்ணித் திருப்பு என்றேன். அடுத்த ஐந்தும் கறுப்புக்குள் விழுந்தன.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிணைக்கும் மவுன்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏர் ரைஃபிளின் மேல் மவுன்ட் மாட்டும் தண்டவாளம் பொதுவாக 11 மில்லிமீட்டர் டவ்டெயில், அதாவது பக்கங்கள் சாய்வாக வெட்டியது. ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் ரிங் அதற்கானதாக இருக்க வேண்டும். முன்னிழுப்பில் ஸ்கோப் பின்னால் வழுக்கும் என்பதால், தடுப்பு ஊசி வைத்த மவுன்ட்டைக் கேட்டு வாங்குங்கள். துப்பாக்கியில் அதற்குரிய குழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கொத்தனாரின் தூக்குக்குண்டை எதிரே தொங்கவிட்டு, துப்பாக்கியை நேராக நிறுத்தி, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள். திருகுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அளவு மீறினால் குழாய் நசுங்கிவிடும். கடைசியாக, பின் ரிங்கின் பின்விளிம்பை ஒட்டிக் குழாயின் மேல் மார்க்கரில் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். முதல் டப்பா பெல்லட் தீர்ந்ததும் அந்தக் கோட்டைப் பாருங்கள். ரிங்குக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஸ்கோப் வழுக்கியிருக்கிறது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி ஜீரோ செய்யுங்கள், அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யுங்கள்.